தேங்காய்க்குத் தாங்காத கார்

கவனம், தலையைக் குனியுங்கோ தம்பி. இந்த ஷட்டர் முழுக்க மேல போகாது, பாதியில நிண்டிடும். ஓம், அப்பிடியே வாங்கோ. லைற் போடுறன்.

உந்த மஞ்சள்தான் நீங்கள் விளம்பரத்தில பார்த்தது. எலீஸ், ரண்டு பேர் மட்டும் இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்தில நிக்கிற பச்சை என்ர மிட்ஜெற். அது விக்கிறதுக்கில்லை, ஆனால் அதையும் பாருங்கோ. பழசைப் பக்கத்தில வைச்சுப் பார்த்தால்தானே புதுசு என்னெண்டு விளங்கும்.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் கார் வியாபாரியில்லை. கார் என்ர தம்பியின்ர. தயாபரன். தயா எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. அவனுக்கு இப்ப ஏலாது. அவன்ர மனிசி வாசுகி என்னட்டக் கார்த் திறப்பைத் தந்து, "பெரியத்தான், காரைப் பற்றித் தெரிஞ்ச ஆள் நீங்கள்தானே, வித்துத் தாங்கோ" எண்டவள். விலை கிலை எல்லாம் அவளோட கதையுங்கோ. எனக்கு அதில சோலியில்லை. எனக்குக் காரைப் பற்றிக் கதைக்கத்தான் தெரியும்.

உங்களுக்கு முதல் கொஞ்சப் பேர் வந்து பார்த்தவை. ஒருத்தரும் எடுக்கேல்லை. ஒரு பெடியன் உள்ளுக்கு ஏறி இருந்து படம் எடுத்துக்கொண்டு போயிட்டான், காரைப் பற்றி ஒரு சொல் கேட்கேல்லை. மற்றவை கேட்டவை. கேட்டால் நான் உள்ளதைச் சொல்லுவன். சொன்னால் போகினம். வாசுகிக்கு என்னில கோபம். "பெரியத்தான், நீங்கள் கார் விக்கிறியளோ, இல்லாட்டிக் காருக்கு எதிரா வழக்குப் பேசிறியளோ?" எண்டு கேட்டவள். நான் என்ன செய்ய? பொய் சொல்லி விக்கிறதே?

இருங்கோ, உந்த முக்காலியில இருங்கோ. பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கு. எனக்கு இப்பதான் விடியுது. பாண் சுடுற ஃபாக்டரியில இரவு வேலை. இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு இரவுதான். நீங்கள் பின்னேரம் எண்டுறது எனக்குக் காலமை. சீனி போட்டிருக்கு, பரவாயில்லையே?

சரி. பழசில இருந்து தொடங்குவம்.

மிட்ஜெற்றை நான் எடுக்கேக்குள்ள அது கார் இல்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவன்ர பின்வளவில தார்ப்பாய்க்குக் கீழ கிடந்த இரும்பு. சீற்றுக்குள்ள எலி குட்டி போட்டிருந்தது. "இதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" எண்டு அந்த மனிசன் கேட்டார். "ஓடப்போறன்" எண்டன். அவருக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. நான் ஒரு இடமும் இதைப் படிக்கேல்லை தம்பி. பழைய புத்தகக் கடையில ஒரு கைநூல் வாங்கி, விளங்காத சொல்லை அகராதியில தேடி, கழட்டினன், பூட்டினன், மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்துப்போட்டுத் திரும்பக் கழட்டினன். எனக்குப் பகலில நித்திரை வாறது குறைவு. நித்திரை வராத ஆளுக்குப் பழைய கார் நல்ல துணை. அது ஒரு நாளும் முடியாது.

வந்து மிட்ஜெற்றின்ர பொனற்றைத் தட்டிப் பாருங்கோ. பயப்பிடாமல் தட்டுங்கோ. டொங். கேட்டியளே? இரும்பு. இப்ப உந்த மஞ்சளைத் தட்டுங்கோ. மெதுவா, மெதுவா! டொக். வாளி மாதிரி. உது பைபர். உள்ளுக்கு அலுமினியம். அதுவும் பசையால ஒட்டின அலுமினியம். ஓம் தம்பி, ஒட்டினது. நான் முதல் வாசிக்கேக்குள்ள நம்பேல்லை. தயா சொன்னவன், "அண்ணை, ஆகாயவிமானமும் அப்பிடித்தான் செய்யிறது" எண்டு. "ஆகாயவிமானத்தை ஆர்டா ஹரோத் தெருவில ஓடுறது?" எண்டு நான் கேட்டன்.

ரண்டும் பாரமில்லாத கார். அதிலதான் ரண்டுக்கும் உறவு. எஞ்சினைப் பெருப்பியாதை, பாரத்தைக் குறை எண்ட ஒரே புத்திதான் ரண்டிலயும். ஆனால் பழசுக்கு எஞ்சின் காலுக்கு முன்னால. சூடு வரும், பெற்றோல் மணம் வரும், அது என்ன சொல்லுது எண்டு விளங்கும். புதுசுக்கு முதுகுக்குப் பின்னால. ஆரோ பின்னால இருந்துகொண்டு உங்களைப் பற்றிக் கதைக்கிற மாதிரி. பழசில ஒரு பழுதெண்டால் திருகாணிக்கட்டையும் பொறுமையும் காணும். புதுசில ஒரு பழுதெண்டால் பாதிக் காரைக் கழட்டித்தான் பழுது எங்கயெண்டு பார்க்கலாம். கதவைத் திறந்து பாருங்கோ. உந்தத் திண்டு தெரியுதே? வாசலில மதில் கட்டி வைச்ச மாதிரி. அதுக்கு மேலால பாய்ஞ்சுதான் உள்ளுக்கு இருக்க வேணும். அந்தத் திண்டை நினைவில வைச்சிருங்கோ, பிறகு சொல்லுறன்.

தயா ஊரில இருந்து வந்த புதுசில என்ர அறையிலதான் இருந்தவன். நான் வேலையால வருவன், அவன் கம்பசுக்கு வெளிக்கிடுவான். படியில கண்டுகொள்ளுறதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ரண்டு பேரும் ஒண்டா முழிச்சிருக்கிறது. அண்டைக்குக் கூரையைக் கழட்டிப்போட்டு மிட்ஜெற்றில வெளிக்கிடுவம். மழை வந்தாலும் நிப்பாட்டிறேல்லை. ஓடிக்கொண்டிருந்தால் மழை தலைக்கு மேலால போயிடும், நிண்டால்தான் நனையிறது. சிவப்பு லைற்றைக் கண்டால் ரண்டு பேரும் சேர்ந்து தூஷணத்தால பேசுவம். பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடிக்குள்ளால பார்ப்பினம், ரண்டு விசரர் தெப்பமா நனைஞ்சுபோய் இருக்கிறாங்கள் எண்டு.

பிறகு அவன் படிச்சு, வேலை எடுத்து, கலியாணம் கட்டிப் பகல் ஆளாயிட்டான். அது சரிதானே. எல்லாரும் என்னைப் போல இருக்க வேணுமே? கலியாணம் கட்டின பிறகும் ஞாயிற்றுக்கிழமையில வருவான். வந்து ஏறி இருப்பான். நான் ஓடுவன்.

எனக்கு ஒரேயொரு மனத்தாங்கல்தான். எலீஸை வாங்க முதல் என்னட்ட ஒரு சொல் கேட்டானோ? காரைப் பற்றி ஊருலகமெல்லாம் என்னட்டக் கேட்கும். இன்ரநெற்றில காட்டி, "இது நல்ல கார் என்ன அண்ணை" எண்டு எத்தனையோ தரம் கதைச்சவன், ஓம். அது கதை. வாங்கப்போறன் எண்டு சொல்லேல்லை. ஒரு நாள் போன் எடுத்து, "அண்ணை, நாளைக்குக் காலமை வேலையால நேர கோயிலுக்கு வாங்கோ, ஒரு பூசை இருக்கு" எண்டான். நான் அவன்ர பிள்ளைக்கு ஏதோ நேர்த்தியாக்கும் எண்டு நினைச்சன். உடுப்பில மாவோட போய் இறங்கினால், கார்ப்பார்க்கில உது நிக்குது. மஞ்சளா. அவன் அதைச் சுத்திச் சுத்தி நடக்கிறான், முழுப் பல்லும் தெரியுது.

உங்களுக்குத் தெரியும்தானே. எங்கட சனத்தின்ர கார் கோயில் கார்ப்பார்க்குக்கு வராமல் வேற எங்கயும் போகாது. ஐயர் சந்தனம் குங்குமம் வைச்சு, மாலை போட்டு, ரயருக்குக் கீழ தேசிக்காய் வைச்சார். இனித் தேங்காய் உடைக்க வேணும். உடைச்ச பிறகு தேசிக்காய்க்கு மேலால முதல் ஓட்டம்.

தயா என்னட்ட வந்து திறப்பை என்ர கைக்குள்ள வைச்சு விரலை மூடினான். "அண்ணை, முதல் ஓட்டம் நீங்கள்தான்" எண்டான். நான் அதைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டன். கேட்டுப்போட்டு வாங்கியிருக்கலாமே எண்டதுதான் மனசில ஓடினது.

ஐயர் தேங்காயைத் தூக்கினார். "ஐயா, இஞ்ச தாங்கோ, மூத்தவன் நான் இருக்கிறன்" எண்டு வாங்கினன். "அண்ணை, கொஞ்சம் தள்ளி நிண்டு உடையுங்கோ, இது பைபர்" எண்டான் தயா. "தேங்காய் உடைக்கவும் எனக்கு வகுப்பெடுக்கிறியோ?" எண்டு கேட்டன். நிண்ட சனம் சிரிச்சுது. காருக்கு எண்டு உடைக்கிற தேங்காயைத் தெருவில போயே உடைக்கிறது? நேர முன்னால நிண்டு, ஓங்கி நிலத்தில அடிச்சன். ஒரு பாதி துள்ளிப்போய்க் காரில பட்டுது.

டொக் எண்டுது. பெரிய சத்தம்கூட இல்லை.

உதுதான் அது. ஹெட்லைற்றுக்குக் கீழ பாருங்கோ, சிலந்திவலை மாதிரி வெடிப்பு. விளம்பரப் படத்தில தெரிஞ்சிருக்காது, வாசுகி மற்றப் பக்கத்தால எடுத்தவள். வாற ஆக்களுக்கு முதல்ல உதைத்தான் நான் காட்டுறது. இண்டைக்கு ஏதோ பிந்திப்போச்சு.

"கண்ணூறு கழிஞ்சுது, நல்லதுதான்" எண்டார் ஐயர். "தேங்காய்க்குத் தாங்காத காரை வாங்கி வைச்சிருக்கிறியேடா" எண்டன் நான். எல்லாரும் சிரிச்சவை, ஐயரும் சிரிச்சவர். தயா சிரிக்கேல்லை. குனிஞ்சு சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கினான். சின்னத் துண்டுகூட விடாமல் பொறுக்கினான். எனக்கு நித்திரை கண்ணைக் கட்டினது, இரவு முழுக்க வேலை செய்துபோட்டு வந்தனான். திறப்பை ஐயரின்ர தட்டில வைச்சுப்போட்டு வந்திட்டன். ரயருக்குக் கீழ தேசிக்காய் அப்பிடியே கிடந்தது.

அதுக்குப் பிறகு திறப்பைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

ஞாயிற்றுக்கிழமையில அவன் வாறது குறைஞ்சுது. பிறகு வரேல்லை. அண்ணன் தம்பிக்குள்ள கோபமோ எண்டு சனம் கேட்டது. என்ன கோபம்? அவனுக்கு வேலை கூட, குடும்பம் இருக்கு. எனக்கும் இரவு வேலை. இப்பிடித்தான் போகும் காலம். ஒரு கலியாண வீட்டில கண்டனான். உது வெளியில நிக்குது, வெடிப்பு அப்பிடியே. முன்பக்கம் முழுக்க ஒரே துண்டு தம்பி, விரலளவு வெடிப்பெண்டாலும் முழுசாக் கழட்ட வேணும். மிட்ஜெற் எண்டால் உள்ளுக்கால ஒரு சுத்தியலால தட்டி எடுத்திடுவன். "கொண்டு வாடா, நான் திருத்தித் தாறன்" எண்டன். "வேண்டாம் அண்ணை, கிடக்கட்டும்" எண்டான்.

வீம்பு. நான் காணவேணும் எண்டே வைச்சிருந்தவன். வாசுகி வேற கதை சொல்லுறாள். ஆரும் கேட்டால், "அது எங்கட அண்ணை உடைச்ச தேங்காய்" எண்டு சொல்லிச் சிரிப்பானாம். எனக்கு முன்னால அப்பிடி ஒண்டும் சிரிக்கேல்லை.

வேண்டாம் அண்ணை, கிடக்கட்டும். அதுதான் வாயால அவன் எனக்குக் கடைசியாச் சொன்னது.

பிறகு ஸ்ரோக் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்திட்டுது. பேச்சும் போயிட்டுது. வாசுகி என்ர வேலையிடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னவள். நான் போனை வைச்சுப்போட்டுத் திரும்பப் போய் பெல்ற்றில நிண்டன். "வீட்டை போ" எண்டான் சூப்பர்வைசர். "முடிச்சுப்போட்டுப் போறன்" எண்டன். பாண் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும் தம்பி, நிக்காது. அதைப் பார்த்துக்கொண்டு நிண்டால் ஒண்டும் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனன். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தன். "காரை எங்க விட்டனி?" எண்டு கேட்டன்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

வீட்டை கூட்டிக்கொண்டு வந்த பிறகு, ஜன்னலால காரைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டான். சரியெண்டு நானும் வாசுகியும் தூக்கி இருத்தப் பார்த்தம். அந்தத் திண்டுதான். சுகமான ஆளே மதில் பாயிற மாதிரித்தான் ஏறவேணும். அவன்ர கால் அங்கால வரேல்லை. பாதியில நிண்டிட்டான், உள்ளுக்கும் இல்லை, வெளியிலயும் இல்லை. வாசுகி அழத் தொடங்கிட்டாள். அவன் இடக்கையால ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. நான்தான் விரல் விரலாக் கழட்டி எடுத்தனான்.

அடுத்த ஞாயிறு மிட்ஜெற்றைக் கொண்டு போனன். கதவைத் திறந்து, முதல்ல ஆளை இருத்தி, பிறகு காலைத் தூக்கி உள்ளுக்கு வைச்சன். இருந்திட்டான். "பார்த்தியே?" எண்டன். எது நல்ல கார் எண்டு அண்டைக்கு முடிஞ்சுது.

இப்ப ஞாயிற்றுக்கிழமையில அவனைக் கூட்டிக்கொண்டு ஓடுறன். வாசுகி ரண்டு சால்வையால சுத்தி விடுவாள். நான் கதைப்பன். பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கதைக்கிறது, வேற என்ன இருக்கு எங்களுக்குள்ள? முந்தியெண்டால் ஒண்டுக்கு ஒம்பது சொல்லுவான். இப்ப எல்லாத்திலயும் நான்தான் வெல்லுறன். இரும்பு எண்டு நான் சொன்னால், இடக்கை விரல் மொழியால கதவில தட்டுவான், டொங் டொங் எண்டு. ஒப்புக்கொள்ளுறான் எண்டு நினைச்சன். "இல்லைப் பெரியத்தான், உங்களைப் பகிடி பண்ணுறார்" எண்டுறாள் வாசுகி. பகிடியெண்டாலும் நல்லம்தானே. சிவப்பு லைற்றில நிக்கேக்குள்ள நான் மெதுவாத் தூஷணம் சொல்லிப் பார்ப்பன். அவன் நேர பார்த்தபடி இருப்பான்.

விக்கவேணும் எண்டது வாசுகியின்ர முடிவு. அவன் கண்ணில படாமல் இருக்கட்டும் எண்டுதான் காரை என்ர இந்த லொக்கப் கராஜுக்குக் கொண்டு வந்து விட்டது. ஆள் வைச்சுத்தான் கொண்டு வந்தது. "இனி அவர் ஓடமாட்டார் பெரியத்தான், அது அவருக்கும் தெரியும். விக்கட்டோ எண்டு கேட்டனான், சுவரைப் பார்த்தார்" எண்டாள். சுவரைப் பார்த்தால் ஓமோ, இல்லையோ? ஆருக்குத் தெரியும்? வித்திட்டால் முடிஞ்சுது தம்பி. அவன் இனி இதில ஏறமாட்டான் எண்டு நாங்கள் எல்லாருமாச் சேர்ந்து சொன்ன மாதிரி. ஆனால் அவள் சொல்லுறதும் சரிதான். அதுதான் வாற ஆக்களுக்கு ஒழிப்பு மறைப்பில்லாமல் எல்லாத்தையும் சொல்லுறன். காலமையில வேலையால வந்து இதை ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுவன், பற்றரி இறங்காமல் இருக்க. கொஞ்ச நேரம் பக்கத்தில நிண்டு கேட்பன். பிறகு போய்ப் படுப்பன்.

என்ன கேட்டனீங்கள்? எப்பிடி ஓடும் எண்டோ?

நல்லா ஓடும். கைக்குள்ள நிக்கும் எண்டு சொல்லுகினம். வளைவில நினைச்ச இடத்துக்குத் திரும்பும் எண்டு தயா சொன்னவன்.

நானோ? நான் ஓடேல்லை தம்பி. இல்லை, ஒருக்காலும் இல்லை. பக்கத்தில இருந்தும் போகேல்லை. ஏன் அப்பிடிப் பார்க்கிறியள்? ஒரு காரைப் பற்றிச் சொல்ல அதை ஓடித்தான் பார்க்க வேணுமோ? எனக்கு எல்லாம் தெரியும். அதின்ர கைநூல் முழுக்க வாசிச்சிட்டன்.

வெடிப்பு பரவாயில்லையோ? திருத்துவியளோ? அப்பிடியே வைச்சிருக்கப் போறியளோ. வடிவாப் பாருங்கோ, ஈரம் உள்ளுக்கு இறங்கினாலும் இறங்கும். இந்தத் திண்டு. உங்கட மனிசி உதில ஏறுவாவோ? அவவைக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனீங்களோ. பின்னால எஞ்சின் இருந்தால்... அதுவும் தெரியும். சரி. வாசுகியோடயும் கதைச்சு முடிச்சிட்டியள். இஞ்ச வர முதலே. அவள் எனக்குச் சொல்லேல்லை.

நல்லது. நல்லது தம்பி. நல்ல ஆளிட்டத்தான் போகுது.

உந்தப் பையை ஒருக்கா எடுங்கோ, ரயருக்கு மேல கிடக்கிறது. அதுக்குள்ள தேசிக்காயும் ஒரு தேங்காயும் இருக்கு. எடுக்கிற ஆளுக்குப் பூசை செய்து விட வேணும் எண்டு வாசுகி தந்தவள். ஆக்கள் வந்து வந்து போகத் தேசிக்காய் காய்ஞ்சுபோகும், அவள் திரும்பப் புதுசு வாங்கித் தருவாள். இது இந்தக் கிழமையில தந்தது.

இஞ்ச வைச்சுச் செய்ய வேண்டாம். தயாவின்ர வீடு அடுத்த தெருதான். ஜன்னலுக்கு முன்னால கொண்டு போய் விட்டுச் செய்வம். அவன் அந்த ஜன்னலடியிலதான் இருப்பான். பார்க்கட்டும். பார்த்துப்போட்டுச் சுவரைப் பார்க்கிறதெண்டால் பார்க்கட்டும்.

திறப்பு இந்தாங்கோ. ஏன், நீங்கள் ஓடுங்கோவன். உங்கட கார்.

நானோ?

நான் பகலில அவ்வளவு... அடுத்த தெருதானே எண்டோ. ம். அப்ப நீங்கள் மற்றப் பக்கத்தால ஏறுங்கோ. இல்லை, பொறுங்கோ, முதல்ல கூரையைக் கழட்டுவம். உள்ளுக்கு ஆர் இருக்கிறது எண்டு அவனுக்குத் தெரியவேணும். அந்தப் பக்கத்துக் கொளுவியை விடுங்கோ. சுருட்டுங்கோ. ஓம், அப்பிடித்தான்.

காலை முதல்... இல்லை, முதல்ல இருந்து... சீ, என்ர முழங்கால். ஆ. இவ்வளவு கீழயோ? நிலத்தில இருக்கிற மாதிரி இருக்கு. சீற் தயாவின்ர அளவுக்குக் கிடக்கு. வேண்டாம், மாற்ற வேண்டாம். எட்டுது.

கேட்குதே? பின்னாலதான் கேட்குது. நிண்டு கேட்கிற மாதிரி இல்லை, வேற மாதிரி.

தம்பி, பையைக் கவனமா மடியில வைச்சிருங்கோ. தேசிக்காயை நான் வைக்கிறன், அதுக்கு மேலால நானே ஓடியும் விடுறன். அது பழைய கணக்கு ஒண்டு கிடக்கு. தேங்காயை மட்டும் நீங்கள் உடையுங்கோ.

நான் தள்ளி நிக்கிறன்.